கம்பியின் மேல் பஞ்சுருட்டான்

"குருவி பிடிக்கப் போகிறோம்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நாம் சொன்னபோது வீட்டில் யாரும் ஆச்சரியப்படவில்லை. "பிடித்த குருவியை இங்கே கொண்டுவராமல் இருந்தால் சரி" என்று மட்டும் சமையலறையிலிருந்து பதில் வந்தது. அந்த நிபந்தனைக்கு உடனே சம்மதித்தோம். ஏனெனில், நாம் போனது கண்ணியும் வலையும் கொண்டு செய்யும் வேட்டைக்கு அல்ல. காமிராவினால் செய்யும் வேட்டைக்கு. இந்த வேட்டையில் குருவி மரத்திலேயே இருக்கும். அகப்பட்டுக்கொண்டு விழிப்பவர் பெரும்பாலும் வேடர்தான்.

சென்னை சென்ட்ரலை அடுத்த மூர் மார்க்கெட் கட்டடத்திலிருந்து புறப்படும் மின்சார ரெயில் பெரம்பூர், வில்லிவாக்கம், கொரட்டூர், அம்பத்தூர், திருமுல்லைவாயில் இவற்றையெல்லாம் கடந்து அண்ணனூரை அடைகிறது. அடுத்த ஸ்டேஷன் ஆவடி. ஆவடி என்றதும் தேச சரித்திரம் அறிந்தவர்களுக்கு 1955-ஆம் வருஷத்தில் அங்கே கூடிய காங்கிரஸ் மகாசபை நினைவுக்கு வரும். அதற்கு முந்திய ஸ்டேஷனாகிய திருமுல்லைவாயிலுக்கு மாசிலாமணி ஈசுவரர் இருக்கிறார். யானையின் காலைச் சுற்றிக்கொண்ட முல்லைக் கொடியின் கதை இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்ட அண்ணனூருக்கு அத்தகைய கியாதி ஒன்றும் கிடையாது. மின்சார ரெயில் வண்டிகளைப் பரிசோதித்துப் பழுது பார்க்கும் பெரிய கொட்டகை ஒன்று இருக்கிறது. ஊருக்கெல்லாம் பிரயாணிகள் வந்து தங்குவார்கள். அண்ணனூரில் ரெயில் வண்டிகளே வந்து தங்குகின்றன.

இந்த ஊரில் நம் நண்பர் ஒருவர் பத்து வருஷங்களாகக் குடியிருக்கிறார். சிறு பறவைகளைப் படம் எடுப்பதில் அவருக்குப் பைத்தியம் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். சிரத்தை என்று சொல்லுவோம். தம் பெயரை வெளியிட வேண்டாமென்று கேட்டுக்கொண்டிருக்கிறார். காரணம் பின்னால் நேயர்களுக்கே விளங்கும்.

நண்பர் வீட்டுக் கொல்லையில் ஒரு முருங்கை மரம். முருங்கை பூத்தால் வீட்டாருக்கு இனிமேல் வரப் போகும் காயின் மேல் நினைவு. தேன்சிட்டுக்கோ அன்றைக்கே விருந்து. நாம் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறரை. காபி கூடக் கொடுக்காமல் நம்மை மொட்டை மாடிக்கு அழைத்துப் போய், தண்ணீர்த் தொட்டியின் மறைவில் ஒரு முக்காலியில் உட்கார வைத்து, "பேசக் கூடாது, ஸார்!" என்று கட்டளையிட்டார். மாடியிலிருந்து பார்க்கும்போது மரத்தின் உச்சிக் கிளைகள் நம் கண்ணுக்கு நேராக இருந்தன. தரையில் நின்று அண்ணாந்து எடுத்தால் குருவியின் வயிறும் வெளிறிய வானமுந்தான் படத்தில் விழும். மனிதனை அவன் முகத்துக்கு நேரே நின்று பார்ப்பதுதானே மரியாதை? குருவிக்கும் அந்த மரியாதையைச் செய்தால்தான் அதன் முகம் நமக்குத் தெரிகிறது. சூரியன் நம் முதுகுப் பக்கம் இருந்தது. இதுவும் தற்செயல் அல்ல. எந்த மாதத்தில் எந்த மணிக்கு எந்தக் கிளையில் வெயில் விழும் என்று நண்பர் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்திருக்கிறார்.

கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு "ச்சிட், ச்சிட்" என்று ஒரு சத்தம். ஊதாப்பிட்டத் தேன்சிட்டு ஆணும் பெண்ணுமாக வந்து சேர்ந்தன. அலகு முதல் வால் வரையில் பத்து சென்டிமீட்டருக்கும் குறைவான பிராணி. ஒரு பூங்கொத்தில் அலகை நுழைக்கும். நாம் அங்கே காமிராவைத் திருப்புவதற்குள் அடுத்த கொத்தில் தலைகீழாகத் தொங்கும். அதைத் துரத்தக் கூடாது என்பது நண்பரின் சித்தாந்தம். நல்ல வெளிச்சத்தில் இருக்கும் ஒரு கொத்தைத் தேர்ந்தெடுத்து அதன் மேல் லென்ஸைத் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். பத்துப் பூவுக்குப் போகும் சிட்டு பதினோராவதாக இந்தப் பூவுக்கும் வந்தே தீரும்.

வந்தது. காமிரா படபடவென்று அடித்தது. ஒவ்வொரு படத்துக்கும் அதன் கதவு திறந்திருந்தது ஒரு விநாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம். கண் இமைக்கும் நேரம் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோமே, அதற்குள் இப்படி இருநூறு படங்களுக்கு இடம் இருக்கிறது! இவ்வளவு சுருக்காகக் கதவை மூடினால்தான் சிட்டின் இறகு கலங்காமல் விழும். ஆனால் கதவு சீக்கிரம் மூடினால் வெளிச்சம் குறைவாகத்தான் உள்ளே போகும். அந்தக் குறையை ஈடு செய்யக் காமிராவின் உணர்ச்சியைக் கூட்டினால், படம் முழுவதும் மணல் தூவினாற்போல் பொரிப்பொரியாக வந்துவிடும். வேகம் வேண்டுமா, தெளிவு வேண்டுமா என்ற இந்த வழக்கில் கடைசித் தீர்ப்புச் சொல்லுகிறவர் சூரிய பகவான்தான். ஆகவேதான் காபி தாமதமாயிற்று.

தூரத்தைப் பற்றியும் ஒரு கணக்குச் சொல்லிவிட வேண்டும். காமிராவின் படத்தில் குறுக்கே ஆறாயிரமும் நெடுக்கே நாலாயிரமுமாக இரண்டு கோடியே நாற்பது லட்சம் புள்ளிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நானூறு மில்லிமீட்டர் லென்ஸினால் பன்னிரண்டு மீட்டர் தூரத்தில் உள்ள தேன்சிட்டை எடுத்தால், அது படத்தில் குறுக்கே பத்தில் ஒரு பங்கு இடத்தைத்தான் அடைக்கும். நெடுக்கேயும் அவ்வளவே என்றால், சிட்டின் பங்குக்கு வருவது இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் புள்ளிகள். மற்றவையெல்லாம் இலையும் வானமும்! நண்பரின் மாடிக்கும் மரத்துக்கும் ஆறு மீட்டர் தூரம். தூரம் பாதியானால் புள்ளிகள் நாலு மடங்காகின்றன. கம்ப்யூட்டர் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாய் வேலை செய்தாலும், இல்லாத இறகை உண்மையாகக் கொண்டுவர அதனால் முடியாது. ஆறு மீட்டர் நெருங்குவதற்கு நண்பருக்கு ஆன செலவு, ஒரு முக்காலியும் மூன்று மாதப் பொறுமையுமே. அவர் தினமும் அங்கே உட்காருவதைப் பார்த்துப் பார்த்துச் சிட்டுகள் அவரையும் தண்ணீர்த் தொட்டியின் ஒரு பாகமாகவே கருதத் தொடங்கிவிட்டன.

பறவைகளை இப்படி ஏமாற்றுவதற்கு மேல்நாட்டார் செய்திருக்கும் பிரயத்தனங்கள் வேடிக்கையானவை. இங்கிலாந்தில் கியர்ட்டன் சகோதரர்கள் 1900-ஆம் வருஷத்தில் ஒரு பொய் எருதைத் தயார் செய்து, அதன் வயிற்றுக்குள் காமிராவுடன் நின்று படம் எடுத்தார்கள். நம் ஊர்ப் பொய்க்கால் குதிரைக்காரர் பார்த்தால் ஒரு சபாஷ் போட்டிருப்பார். அதே நாட்டில் எரிக் ஹாஸ்கிங் என்பவர் 1937-இல் ஓர் ஆந்தைக் கூட்டின் அருகே படம் எடுக்கப் போய், தாய் ஆந்தையின் நகத்தால் ஒரு கண்ணையே இழந்தார். பின்னும் அவர் பறவைப் படம் எடுப்பதை விடவில்லை.

நம் நாட்டில் அத்தகைய ஒருவர் சென்னையிலேயே இருந்தார். "பத்மாவதி சரித்திரம்" எழுதிய அ. மாதவையாவைத் தமிழ் படித்த குடும்பங்களில் அறியாதார் இரார். அவருடைய குமாரர் மா. கிருஷ்ணன் 1912-இல் பிறந்து, மயிலாப்பூரில் வாழ்ந்து, 1996-இல் காலமானார். கல்கத்தா "ஸ்டேட்ஸ்மன்" பத்திரிகையில் 1950 முதல் ஆயுள் பரியந்தம் நாட்டுப்புறத்துப் பிராணிகளைப் பற்றி எழுதிவந்தார். யானையைப் பற்றி எழுதிய அதே சிரத்தையுடன் வீட்டு முற்றத்துக்கு வரும் பறவையைப் பற்றியும் எழுதினார். தமிழிலும் எழுதியிருக்கிறார். 1970-இல் சர்க்கார் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. ஒரு கம்பெனியின் காமிரா உடம்பையும் வேறொரு கம்பெனியின் லென்ஸையும் தாமே ஒன்றாகப் பூட்டி, அந்தக் கனமான யந்திரத்துக்கு "சூப்பர் பாண்டரோஸா" என்று பெயரும் வைத்திருந்தார். வர்ணப் படம் உலகமெங்கும் பரவிய பின்னரும் அவர் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தார். லட்ச ரூபாய் லென்ஸ் இல்லையே என்று ஏங்குகிற இளைஞர்கள் அந்த ஒட்டுக் காமிராவை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்ப்பது நல்லது.

* * *

எட்டரை மணிக்குக் காபி கிடைத்தது. அதன் பின் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்தோம். அன்று காலையில் எடுத்தவை முந்நூற்று நாற்பது படங்கள். அவற்றில் முந்நூற்றை நண்பர் இரக்கமில்லாமல் தள்ளினார். கண் தெளிவாக விழாத படம் எதுவானாலும் அது குப்பைக்கே என்பது அவர் கொள்கை. வால் கலங்கியிருக்கலாம், இறக்கை கலங்கியிருக்கலாம், கண் கலங்கக் கூடாது. மிச்சத்தில் தேறியவை ஆறு.

இந்த ஆறையும் அவர் செப்பனிட்டதைப் பக்கத்தில் இருந்து பார்த்தோம். காமிரா தானே சமைத்துத் தரும் படத்தை அவர் எடுப்பதில்லை. சமைக்காத அரிசியாக இருக்கும் மூலக் கோப்பைத்தான் எடுக்கிறார். சமைத்த படத்தில் ஒவ்வொரு வர்ணத்துக்கும் 256 படிகள்தான் உண்டு. மூலக் கோப்பில், நல்ல காமிராவானால், 16,384 படிகள். ஆகையால் இருட்டில் மறைந்துபோனதாக நினைத்த இறகின் கோடுகளைக் கூட அதிலிருந்து மெள்ள மெள்ள வெளியே அழைத்து வர முடிகிறது. முதலில் சுற்றிலும் உள்ள வீண் இடத்தை வெட்டினார். வெட்டும்போது சிட்டு பார்க்கும் திசையில் கொஞ்சம் அதிகமாக இடம் விட்டார். இல்லாவிட்டால் அது சுவரில் முட்டிக்கொள்வது போல் தோன்றுமாம். பிறகு வெளிச்சத்தைச் சரி செய்தார். மணற் பொரிகளைப் பின்புறத்தில் மட்டும் அடக்கினார். பறவையின் மேல் அந்த வேலையை மிகவும் லேசாகச் செய்தார். அங்கேயும் பலமாகச் செய்தால் இறகெல்லாம் மெழுகு பூசினாற்போல் வழவழப்பாகி, உயிருள்ள சிட்டு கொலு பொம்மையாகிவிடும். கடைசியாகக் கண்ணிலும் அலகிலும் ஒரு துளி கூர்மை. அவ்வளவுதான், ஒரு படத்துக்கு ஐந்து நிமிஷம்.

ஒரு படத்தில் மட்டும் தகராறு வந்தது. ஆண் சிட்டின் தொண்டையும் பிட்டமும் நேரில் பார்க்கும்போது ஊதா நிறத்தில் தகதகவென்று ஜொலித்தன. படத்திலோ தொண்டை கன்னங்கரேல் என்று இருந்தது. வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தார். கறுப்பு சாம்பலாயிற்றே தவிர ஊதாவாகவில்லை. இதன் காரணம் வெகு சுவாரஸ்யமானது. சிட்டின் மஞ்சள் வயிற்றில் இருப்பது மெய்யான சாயம். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் மஞ்சள்தான். தொண்டையின் ஊதாவோ சாயமே அல்ல. இறகிலுள்ள மிக நுண்ணிய அடுக்குகளில் வெளிச்சம் பட்டுத் திரும்பும்போது உண்டாகும் ஜாலம் அது. சோப்புக் குமிழியில் தெரியும் வர்ணத்துக்கும் அதற்கும் உறவு உண்டு. சிட்டு கழுத்தைச் சற்றே திருப்பினால் வர்ணம் போய்விடும். காமிராவின் கதவு திறந்த அந்தக் கணத்தில் ஊதா நிறம் அங்கே இல்லை. இல்லாததைக் கம்ப்யூட்டர் எங்கிருந்து கொண்டுவரும்? "தூரிகையால் ஊதா பூசிவிடலாமே!" என்றோம். நண்பர் நம்மை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அடுத்த படத்துக்குப் போனார். அதில் சிட்டு கழுத்தைத் திருப்பியிருந்தது, ஊதாவும் இருந்தது.

படத்தைச் செப்பனிடுவதே பொய் என்று நினைப்பவர்களும் உண்டு. அது சரியல்ல. நம் பாட்டனார் காலத்துப் படங்களை எடுத்துப் பாருங்கள். அக்காலத்து ஸ்டூடியோக்காரர்கள் நெகடிவின் மேல் கூர்மையான பென்சிலால் புள்ளி வைத்து முகச் சுருக்கத்தை மறைத்தார்கள். கல்யாணப் படத்தில் சேலைக்கும் நகைக்கும் கையாலேயே வர்ணம் தீட்டினார்கள். இருட்டறையில் காகிதத்தின் மேல் வெளிச்சம் விழும்போது கையை அப்படியும் இப்படியும் ஆட்டி, ஓரிடத்தில் நிழலைக் குறைத்தும் ஓரிடத்தில் கூட்டியும் அச்செடுத்தார்கள். கம்ப்யூட்டர் செய்வதில் பாதி அந்த வேலைதான். பாட்டியின் கன்னத்தில் ஒரு சுருக்கம் குறைந்ததனால் யாருக்கும் நஷ்டமில்லை, பாட்டிக்குச் சந்தோஷம். ஆனால் காட்டுப் பறவையின் படம் பாட்டியின் படத்தைப் போன்றதல்ல. அது ஒரு சாட்சி. இன்ன இடத்தில், இன்ன நாளில், இன்ன பிராணி இப்படி இருந்தது என்று அது சொல்லுகிறது. நண்பர் தம் பெயரை வெளியிட வேண்டாமென்று சொன்ன விஷயத்துக்கு இப்போது வருகிறோம்.

* * *

அண்ணனூரில் பச்சைப் பஞ்சுருட்டான் நிறைய உண்டு. தளிர்ப் பச்சை உடம்பும், கண்ணில் மை தீட்டினாற்போன்ற கறுப்புக் கோடும், வாலின் நடுவிலிருந்து நீளும் இரண்டு மெல்லிய கம்பி இறகுகளுமாக அது ஓர் அழகுப் பட்சி. ரெயில் பாதைக்கு மேலே ஓடும் மின்சாரக் கம்பிகள்தான் அதற்குச் சிம்மாசனம். அங்கிருந்து அம்பு போல் பாய்ந்து, பறக்கும் தேனீயைக் கௌவிக்கொண்டு, வட்டமிட்டுத் திரும்பி வந்து, தேனீயைக் கம்பியில் மோதித் தேய்த்துக் கொடுக்கை நீக்கிவிட்டு விழுங்கும். இருபத்தையாயிரம் வோல்ட் ஓடும் கம்பியில் உட்கார்ந்து இவ்வளவும் செய்கிறதே, அதற்கு ஒன்றும் ஆகாதா என்று நம் வீட்டுக் குழந்தைகள் கேட்பார்கள். ஒரே கம்பியை மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும் வரையில் மின்சாரம் பறவையின் உடல் வழியாக ஓடிப் பூமியை அடைய வழி இல்லை, ஆகையால் ஆபத்தில்லை. இறக்கையை விரித்து இரண்டு கம்பிகளையோ, கம்பியையும் இரும்புக் கம்பத்தையுமோ ஒருங்கே தொடக்கூடிய பெரிய பறவைகளுக்குத்தான் அபாயம்.

சென்ற வருஷம் நண்பர் இந்தப் பட்சியை ஒரு தும்பியுடன் அபூர்வமாகப் படம் எடுத்துவிட்டார். கண்ணில் வெளிச்சப் பொட்டு, அலகில் தும்பியின் கண்ணாடிச் சிறகு எல்லாம் அமைந்துவிட்டன. ஒரே ஒரு குறை: காலடியில் தடித்த மின்சாரக் கம்பி. "காட்டிலே எடுத்த படம் மாதிரி இல்லையே!" என்று அவருக்கு மனக்குறை. இக்காலத்து யந்திரங்களில் ஒரு பொருளைச் சுற்றிக் கோடு போட்டு அழி என்று சொன்னால் போதும். அழித்துவிட்டு, அந்த இடத்தில் வானத்தையும் தானே நிரப்பிவிடுகிறது. நண்பர் கம்பியை அழித்தார். பத்து விநாடி வேலை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த அவருடைய பெண் குழந்தை திரையை எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, பஞ்சுருட்டான் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது?"

அப்பொழுதுதான் அவர் கவனித்தார். பட்சியின் விரல்கள் எல்லாம் மடங்கி எதையோ இறுகப் பற்றியிருந்தன. பற்றப்பட்ட பொருள் மாத்திரம் உலகத்தில் இல்லை. திரிசங்கு மகாராஜாவைப் போல் அது ஆகாயத்தில் அந்தரமாக உட்கார்ந்திருந்தது.

இந்த மட்டில் நிறுத்தியிருக்கலாம். நண்பருக்கு ரோஷம் வந்துவிட்டது. வேறொரு படத்திலிருந்து ஒரு வேப்பங்கிளையை வெட்டி எடுத்து விரல்களுக்கு அடியில் செருகினார். கிளையின் மேல் வெயில் இடப் பக்கம் விழுந்திருந்தது. பட்சியின் மேல் வலப் பக்கம். கிளையைத் திருப்பிப் போட்டார். இலைகள் கூர்மையாக இருந்தன. அவற்றைக் கலங்க அடித்தார். இரவு பதினொரு மணிக்குப் படம் பூர்த்தியாயிற்று. மறுநாள் பார்த்தவர்களெல்லாம், "அடடா! எந்தக் காடு? முதுமலையா?" என்று கேட்டார்கள். நண்பர் "ஹும்" என்றார். அந்த "ஹும்" தம் மனத்தை இன்றளவும் உறுத்துவதாக நம்மிடம் சொன்னார்.

பெரியவர்களும் இந்தப் பள்ளத்தில் விழுந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் உலகப் பிரசித்தி பெற்ற "நேஷனல் ஜியாக்ரபிக்" பத்திரிகை 1982-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்து அட்டையில் எகிப்து தேசத்துப் பிரமிடுகளின் படத்தை வெளியிட்டது. அட்டையோ நெட்டை, படமோ குறுக்கு வாட்டம். அதற்காகக் கம்ப்யூட்டரைக் கொண்டு பிரமிடுகளை ஒன்றுக்கொன்று நெருக்கி நகர்த்திவிட்டார்கள். நாலாயிரம் வருஷத்துக்கு மேலாக அசையாத பிரமிடுகள் ஓர் அட்டைப் படத்துக்காக அசைந்து கொடுத்தன! இது வெளியானதும் அந்தப் பத்திரிகை வெகு காலம் தலைகுனிய நேர்ந்தது. லண்டனில் இயற்கைச் சரித்திரக் காட்சிசாலையார் சம்பந்தப்பட்டு நடத்தும் வனவிலங்குப் படப் போட்டியில் 2009-ஆம் வருஷத்து முதற் பரிசு, வேலிக் கதவைத் தாண்டிக் குதிக்கும் ஓர் ஓநாயின் படத்துக்குக் கிடைத்தது. அந்த ஓநாய் பழக்கி வளர்த்ததாகவே இருக்க வேண்டுமென்று நடுவர்கள் முடிவு செய்து, 2010 ஜனவரியில் பரிசை ரத்து செய்தார்கள். எடுத்தவர் அதை மறுத்தார். ஆனாலும் பரிசு திரும்பவில்லை. அதில் கம்ப்யூட்டரின் பேரில் குற்றம் ஒன்றுமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். படத்தில் கை வைக்காமலே பொய் சொல்ல முடியும்.

நண்பரைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு, நம்முடைய குற்றத்தை மறைத்தால் அது தர்மமாகாது. இரண்டு வருஷங்களுக்கு முன் மார்கழி மாதத்தில், ஆவடிப் பக்கத்து ஏரி ஒன்றின் கரையில் சீமைக்கருவேல் புதருக்குள் ஒரு சிறு பழுப்புக் குருவியைப் படம் எடுத்தோம். படம் உப்புச் சப்பில்லாமல் இருந்தது. ஆகவே அதில் செம்மையைக் கொஞ்சம் கூட்டினோம்; இன்னும் கொஞ்சம் கூட்டினோம். மாலை வெயிலில் எடுத்தது போல் பிரமாதமாக வந்தது. பறவைகளின் இலக்கணம் அறிந்த பெரியவர் ஒருவருக்கு அனுப்பினோம். அவரிடமிருந்து ஒரு நாள் முழுவதும் பதில் இல்லை. மறுநாள், "இந்தச் சிவந்த நிறமுள்ள கதிர்க்குருவியை நான் இந்தப் பக்கத்தில் பார்த்ததில்லை. இரவெல்லாம் புத்தகங்களைப் புரட்டினேன். தயவு செய்து மூலப் படத்தை அனுப்புங்கள்" என்று எழுதினார். அனுப்பினோம். ஐந்து நிமிஷத்தில் பதில்: "பிளித் நாணல் கதிர்க்குருவி. குளிர்காலத்தில் இங்கே சாதாரணம்."

சாதாரணந்தான்! பன்னிரண்டு கிராம் எடை கூட இருக்குமோ இராதோ, அந்த ஜீவன் இமயத்துக்கு அப்பாலிருந்து பறந்து வந்து ஆவடிப் புதரில் மழைக்காலம் கழிந்த புழுக்களைத் தேடிக்கொண்டிருந்தது. அதன் ஆலிவ் கலந்த பழுப்பு நிறந்தான் அதற்கு இருக்கும் ஒரே அடையாளச் சீட்டு. கதிர்க்குருவிகளில் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வித்தியாசம் பழுப்பின் சாயலிலும் புருவக் கோட்டின் நீளத்திலுமே அடங்கியிருக்கிறது. நாம் அந்தச் சீட்டின் மேல் மையைக் கொட்டிவிட்டோம். ஒரு முதியவரின் இரவுத் தூக்கமும் போயிற்று. இதை விட மோசமாகவும் நடந்திருக்கலாம். 2015 முதல் நம் நாட்டில் பொங்கல் பண்டிகையின்போது பறவைகளைக் கணக்கெடுக்கும் நல்ல வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. குடும்பம் குடும்பமாகத் தங்கள் தெருவிலும் ஏரிக்கரையிலும் பார்த்த பறவைகளைப் பதிவு செய்கிறார்கள். சந்தேகம் வந்தால் படந்தான் சாட்சி. பெரியவர் மூலப் படத்தைக் கேட்டிராவிட்டால், நம்முடைய சிவப்புக் குருவி அந்தக் கணக்கிலே ஏறி, வராத பறவை வந்ததாக எழுதப்பட்டிருக்கும்.

அமெரிக்கப் படக்காரர் சங்கமும், இங்கிலாந்தின் ராயல் சங்கமும், சர்வதேசச் சம்மேளனமும் சேர்ந்து 2015 முதல் இயற்கைப் படத்துக்கு ஒரே இலக்கணத்தை அனுசரித்து வருகின்றன. ஓரத்தை வெட்டலாம், வெளிச்சத்தைச் சரி செய்யலாம், காமிராவினால் வந்த தூசிப் புள்ளியையும் மணற் பொரியையும் நீக்கலாம். ஆனால் அங்கே இருந்த பொருளை எடுக்கவோ, இல்லாததைச் சேர்க்கவோ, ஒன்றை இடம் மாற்றி வைக்கவோ கூடாது. இந்த விதியின்படி நண்பரின் தேன்சிட்டு நிரபராதி. வேப்பங்கிளைப் பஞ்சுருட்டான் குற்றவாளி. நம்முடைய சிவந்த கதிர்க்குருவி ஏதோ வெளிச்சத்தைச் சரி செய்ததாகச் சொல்லித் தப்பப் பார்க்கும். நீதிபதி அந்தப் பெரியவராக இருந்தால் தப்பாது.

படம் எடுக்கும் ஆசையினால் நேரும் வேறொரு தீங்கையும் சொல்ல வேண்டும். இது பொய்யை விடக் கொடியது. தையல்சிட்டு இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டுகிறது. கூட்டில் குஞ்சுகள் இருந்தால் தாய் நூறு தடவை அங்கே வந்தே ஆக வேண்டும். ஆகவே படம் எடுப்பது சுலபம். வெளிச்சம் போதவில்லை என்று மறைத்திருக்கும் இலையை ஒடிக்கிறார்கள், கிளையை வளைத்துக் கட்டுகிறார்கள். படம் நன்றாக விழுகிறது. படக்காரர் போன பிறகு வெயிலும் காக்கையும் வருகின்றன. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் "வேட்டை" என்ற சொல்லுக்குக் கொடுத்திருக்கும் பொருளில், பறவையின் கூட்டையும் முட்டையையும் கலைப்பதும் அடங்கும். காமிராவினால் செய்யும் வேட்டை என்று ஆரம்பத்தில் நாம் விளையாட்டாகச் சொன்னது, சில பேர் விஷயத்தில் சட்டப்படி மெய்யாகவே வேட்டைதான். பல போட்டிகளில் கூட்டருகே எடுத்த படங்களை ஏற்பதே இல்லை. நண்பர் வீட்டுச் செம்பருத்திச் செடியில் தையல்சிட்டு கூடு கட்டியபோது, குஞ்சுகள் பறக்கும் வரையில் அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறக்கக் கூடாது என்று அவருடைய சம்சாரம் உத்தரவு போட்டுவிட்டாராம். நண்பர் ஒரு மாதம் புழுங்கினார்.

புறப்படும் சமயத்தில் கூடத்துச் சுவரைப் பார்த்தோம். வேப்பங்கிளைப் படத்தைக் காணோம். அந்த இடத்தில் அதே பஞ்சுருட்டான், அதே தும்பியுடன், தடித்த மின்சாரக் கம்பியின் மேல் உட்கார்ந்திருந்தது. கம்பிக்கு அப்பால், கலங்கலாக, ரெயில் கொட்டகையின் கூரை கூடத் தெரிந்தது. படத்தின் அடியில் குழந்தையின் கையெழுத்தில், "பச்சைப் பஞ்சுருட்டான், அண்ணனூர்" என்று எழுதியிருந்தது. பஞ்சுருட்டான் மரத்தில் கூடு கட்டுவதில்லை. மண் திட்டிலும் மணல் கரையிலும் வளை தோண்டி முட்டையிடும். ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் அத்தகைய காலி மனை ஒன்றை நண்பர் காட்டினார். மூன்று வருஷமாக அங்கே வளைகள் இருந்தனவாம். இப்போது அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்டியிருந்தார்கள். "இதையும் ஒரு படம் எடுத்து வைத்திருக்கிறேன், ஸார், வளை, கயிறு, செங்கல் எல்லாம் சேர்த்து" என்றார் நண்பர். அதில் எதையாவது அழித்தீரா என்று நாம் கேட்கவில்லை.

பிளாட்பாரத்தில் காத்திருந்தபோது கம்பியின் மேல் ஐந்து பஞ்சுருட்டான்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஆவடியிலிருந்து வண்டி வந்தது. ஐந்தும் எழும்பின. வண்டி நின்றதும் நாம் ஏறி ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து தலையை நீட்டிப் பார்த்தோம். நாலு திரும்பி வந்துவிட்டன. ஐந்தாவது சற்று நேரம் கழித்து ஒரு தேனீயுடன் வந்து சேர்ந்தது.